ஒரு சிறு ஸ்டேஷனின் சரித்திரம்

ரயில் ஸ்டேஷன்களுக்கும் ஜாதகம் உண்டு போலிருக்கிறது. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் விட்ட வெள்ளைக்காரர்களுக்கு, கரிசல்காட்டுப் பருத்தி துறைமுகம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் பெரிய கவலையாக இருந்திருக்கும். அந்தப் பாதையிலுள்ள மணியாச்சியில், 1911 ஜூன் 17-ஆம் தேதி, வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டான். மணியாச்சி சரித்திரத்தில் ஏறிவிட்டது. இன்று அதன் பெயரே வாஞ்சி மணியாச்சி.

அதற்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, கடம்பூரைத் தாண்டி, குமாரபுரம் என்று ஒரு ஸ்டேஷன் உண்டு. சுற்றிலும் கரிசல்காடு. பெரிய வண்டிகள் அதைத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிடும். 'இந்தக் காட்டுக்கு எதற்கு ஒரு ஸ்டேஷன்?' என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

பக்கத்து இடைசெவலில் 1923-இல் பிறந்த கு. அழகிரிசாமி அதற்குப் பதில் சொன்னார். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சேரப் புறப்பட்ட கிராமத்துப் பையன்களை அங்கே வண்டியேற்றி, 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்று ஒரு கதை எழுதினார்.

டிக்கெட் விற்ற கணக்கைப் பார்த்தால், இப்படிப்பட்ட ஸ்டேஷன்களை இழுத்து மூடிவிடலாம். ஆனால் அங்கே ஏறிய பையன் படித்து எவ்வளவு தூரம் போனான் என்பதை எந்த ஸ்டேஷன் மாஸ்டர் எழுதி வைத்தார்? அந்த எழுதாத கணக்கையும் நான் சரித்திரம் என்றே சொல்வேன்.