பத்தாவது ஆள்

கொச்சி மட்டாஞ்சேரிக்குச் சுற்றுலா போன பலரும் அங்குள்ள யூத ஜெபாலயத்தைப் பார்த்திருப்பார்கள். தரையில் சீனத்து நீல ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள், வாசலில் மணிக்கூண்டு. அழகானவைதான். ஆனால் யூதர்கள் கூடி ஜெபிக்க இவை எதுவும் அவசியமில்லை. கட்டடம் கூட வேண்டாம், முன்னின்று நடத்த ஒரு குருவும் வேண்டாம். பதின்மூன்று வயது நிரம்பிய பத்து ஆண்கள் சேர்ந்தால் போதும். ஒன்பது பேர்தான் வந்தார்கள் என்றால் அவரவர் தனியே ஜெபித்துக்கொள்ளலாம். தோரா என்னும் வேதச் சுருளைப் பெட்டியிலிருந்து எடுத்து முறைப்படி வாசிக்க முடியாது. தகப்பனை இழந்த மகன் சொல்ல வேண்டிய கடிஷ் ஜெபத்தையும் சொல்ல முடியாது. இந்தப் பத்துப் பேர் சபைக்கு மின்யான் என்று பெயர். பத்தாவது ஆளைத் தேடித் தெருவில் நின்ற கதை உலகெங்கும் உள்ள சின்னஞ்சிறு யூதச் சமூகங்களில் உண்டு.

பழங்கால யூத வழிபாட்டின் மையம் எருசலேம் ஆலயம். பலியிடுவது அங்கே மட்டும்தான். அந்த ஆலயத்தை கி.மு. 586இல் பாபிலோனியர் இடித்தார்கள். திரும்பக் கட்டியதை கி.பி. 70இல் ரோமானியர் எரித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே, ஆலயத்துக்குப் போக முடியாத தூரத்தில் வாழ்ந்தவர்கள் தங்கள் ஊரிலேயே கூடத் தொடங்கியிருந்தார்கள். எகிப்தில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஜெப வீடுகள் இருந்ததற்குக் கல்வெட்டுகள் உள்ளன. எருசலேமில் கிடைத்த தியோடோட்டஸ் கல்வெட்டு இன்னும் சுவையானது. திருச்சட்டத்தை வாசிக்கவும் கற்பிக்கவும் கட்டிய ஜெபாலயம் என்று கிரேக்க மொழியில் தொடங்கி, வெளியூரிலிருந்து வருவோர் தங்க அறைகளும் தண்ணீர் வசதியும் உண்டு என்று அது சொல்கிறது. ஜெபாலயம் பிறக்கும்போதே சத்திரமாகவும் இருந்திருக்கிறது. அலெக்சாந்திரியாவின் ஜெபாலயமோ மிகப் பெரியது. பின்வரிசைக்காரர்கள் எப்போது ‘ஆமேன்’ சொல்வது என்று தெரிவிக்கக் கொடி அசைத்தார்களாம். யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் தரும் செய்தி இது.

பத்து என்ற கணக்குக்கு வேதத்தில் சொல்லப்படும் ஆதாரம் வியப்பானது. கானான் நாட்டை வேவு பார்க்க மோசே அனுப்பிய பன்னிருவரில் பத்துப் பேர் பயந்துபோய்த் திரும்பி, மக்களையும் கலங்க வைத்தார்கள். அந்தப் பத்துப் பேரைக் கடவுள் கடிந்துகொள்ளும்போது ‘சபை’ என்று குறிப்பிடுகிறார். ஆகவே பத்துப் பேர் சேர்ந்தால் சபை என்று ரபிகள் என்ற யூதச் சட்ட அறிஞர்கள் முடிவுகட்டினார்கள். புனிதர்களைக் கொண்டு வகுத்த இலக்கணம் அல்ல இது, தவறியவர்களைக் கொண்டு வகுத்தது. எனக்கு இந்த மரபில் மிகவும் பிடித்த இடம் இதுதான். எதற்கெல்லாம் பத்துப் பேர் வேண்டும் என்ற பட்டியல் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்ட நூலில் இருக்கிறது. வேலைவெட்டி நெருக்கடி இல்லாமல் ஜெபத்துக்கு வந்து நிற்கப் பத்துப் பேர் இருந்தால்தான் அது பட்டணம், இல்லையேல் கிராமம் என்றும் அதே நூல் பிரிக்கிறது. தலைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது என்றொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வேத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே எண்ணுவார்கள்.

தல்மூத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. ரபி எலியேசர் ஜெபாலயத்துக்குள் நுழைகிறார். பத்துப் பேர் இல்லை. உடனே தம் அடிமையை விடுதலை செய்கிறார். அடிமையை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது, விடுதலை பெற்றவனைச் சேர்க்கலாம். அன்று ஜெபம் நடந்தது. இந்த விடுதலை பெற்ற மனிதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் மறுபடியும் வருவான்.

பத்துப் பேரும் ஒரு சுருளும் கப்பலில் ஏறக்கூடியவை. வணிகர்களோடு சேர்ந்து அவையும் கிழக்கே வந்தன. கொல்லத்தில் கி.பி. 849இல் வேணாட்டு அய்யன் அடிகள் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டில் சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்களில் சிலர் எபிரேய எழுத்தில், பாரசீக மொழியில் எழுதியிருக்கிறார்கள். அரபு எழுத்தும் பகலவியும் பக்கத்தில் இருக்கின்றன. சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு தந்தான். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையோடு பல்லக்கு, குடை, பகல் விளக்கு, முரசு என்று 72 உரிமைகள். எழுதிய எழுத்து வட்டெழுத்து. மலையாளம் தமிழிலிருந்து பிரிந்து வந்துகொண்டிருந்த கால மொழி. நம் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் துனீசியாவிலிருந்து வந்த ஆபிரகாம் பென் யிஜூ மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்தினார். மிளகும் பாக்கும் ஏடனுக்கு அனுப்பினார். 1132இல் ஆசு என்ற அடிமைப் பெண்ணை விடுதலை செய்து பத்திரம் எழுதினார். அவளையே மணந்தார் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதெல்லாம் இன்று தெரிவதற்குக் காரணம் ஒரு வழக்கம். கடவுள் பெயர் எழுதிய தாளை எறியக் கூடாது என்று கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெபாலயத்தார் பழைய காகிதங்களை ஓர் அறையில் போட்டுவைத்தார்கள். கூடவே வணிகக் கடிதங்களும் கணக்குச் சீட்டுகளும் போய்ச் சேர்ந்தன. கேம்பிரிட்ஜ் அறிஞர் சாலமன் ஷெக்டர் 1896–97இல் அங்கிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளை அள்ளிக்கொண்டு போனார்.

1341இல் பெரியாற்று வெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சித் துறையைத் திறந்தது. கொடுங்கல்லூர் யூதர்களும் மெல்லத் தெற்கே நகர்ந்தார்கள். கொச்சங்காடியில் 1344இல் எழுந்த ஜெபாலயம் இன்றில்லை. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி ஜெபாலயச் சுவரில் பதிந்திருக்கிறது. 1492இல் ஸ்பெயின் துரத்திய யூதர்களில் சிலரும் கொச்சிக்கு வந்தார்கள். இந்தப் புதியவர்கள் 1568இல், மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி, தங்கள் பரதேசி ஜெபாலயத்தைக் கட்டினார்கள்.

அதற்கு முன்பே கொச்சியில் ஒரு கேள்வி புகைந்துகொண்டிருந்தது. அடிமை வழியினர், மதம் மாறியவர்கள் என்று கருதப்பட்டோரைச் சமமாக ஏற்கலாமா? 1520 வாக்கில் கெய்ரோவின் தலைமை ரபி தாவீது இப்னு சிம்ராவுக்கு எழுதிக் கேட்டார்கள். முறைப்படி நீராடி விட்டால் அவர்கள் முழு யூதர்கள், பெண் கொடுக்கலாம், எடுக்கலாம் என்று பதில் வந்தது. பதில் கடல் கடந்து வந்தும் பரதேசிகள் அதை ஏற்கவில்லை. விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்கள் நானூறு ஆண்டுகள் ஜெபாலயத்தின் முன்கூடத்தில், தரையில் உட்கார்ந்தார்கள். ஒரே நாளில் ரபி எலியேசர் செய்ததை இவர்கள் தலைமுறைகளாகச் செய்யவில்லை.

இதற்கிடையே உலகின் மறுபக்கம் அதே எண் தத்தளித்தது. 1654இல் பிரேசிலின் ரெசிஃபே நகரைப் போர்ச்சுகீசியர் மீட்டதால் ஓடிய யூதர்களில் 23 பேர், இன்று நியூயார்க் என்று நாம் அறியும் நியூ ஆம்ஸ்டர்டாமில் கரையேறினார்கள். ஆம்ஸ்டர்டாம் சபை அவர்களுக்கு ஒரு தோராச் சுருளை இரவல் கொடுத்தது. ஆட்கள் கலைந்துபோக, 1663இல் சுருள் திரும்பிப் போனது. அதே 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். முந்தைய ஆண்டு டச்சுக்காரருக்கு உதவினார்கள் என்று போர்ச்சுகீசியர் சூறையாடிய பரதேசி ஜெபாலயம் மறுபடி எழுந்தது. 1686இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரேரா தெ பைவா நேரில் வந்து பார்த்து எழுதிய அறிக்கை, அடுத்த ஆண்டே அங்கே அச்சானது. பிறகு புத்தகங்கள் வந்தன. 1757இல் கொச்சி முறை வழிபாட்டு நூல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறிக் கேரளத்துக்குத் திரும்பியது.

பைவா என்ற பெயர் சென்னைக்கும் புதிதல்ல. லண்டன், லிவோர்னோ வழியாக வந்த போர்ச்சுகீசிய யூதர்கள் மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொடுத்துக் கோல்கொண்டா வைரம் வாங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜாக் தெ பைவா 1687இல் இறந்து சென்னையிலேயே அடக்கமானார். மறு ஆண்டு உருவான சென்னை மாநகராட்சியின் முதல் உறுப்பினர்களில் மூவர் யூதர்கள். வைர வணிகம் திசைமாறியதும் சமூகம் கரைந்தது. முத்தியால்பேட்டையின் பவழக்காரத் தெரு பெயரளவில் நிற்கிறது.

முன்கூடத்தில் உட்கார வைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967). சென்னையில் படித்து வழக்கறிஞரானவர், காங்கிரஸ்காரர். காந்தியிடம் கற்ற சத்தியாகிரகத்தை அவர் தம் சொந்த ஜெபாலயத்துக்குள் கொண்டு போனார். ஒதுக்கிய இடத்தில் உட்கார மறுத்தார்; வாதாடினார்; எழுதினார். விலக்குகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நம் கோயில் நுழைவுப் போராட்டங்கள் நடந்த அதே காலம் அது. யூத வரலாற்று நூல்களில் மட்டுமல்ல, தென்னிந்தியச் சமூக நீதி வரலாற்றிலும் அவருக்கு இடம் வேண்டும்.

ஆனால் எல்லோரும் சமமாக உட்காரத் தொடங்கியபோது உட்கார ஆள் இல்லாமல் போனது. 1950களில் கேரள யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து நெவாதிம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் தங்கினார்கள். மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் ஜெபாலயத்து மரவேலைப்பாடுகளும் கப்பலேறி, 1995 முதல் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பரதேசி ஜெபாலயத்தில் இப்போது கூட்டு ஜெபம் நடப்பது, யூதப் பயணிகள் வந்து பத்துப் பேர் தேறும் நாள்களில்தான்.

எண்ணும் முறை வேறிடங்களில் மாறியிருக்கிறது. 1973இல் அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவு பெண்களையும் பத்தில் சேர்க்க அனுமதித்தது. ஆர்த்தடாக்ஸ் பிரிவு இன்றும் ஆண்களை மட்டுமே எண்ணுகிறது. கொரோனா ஊரடங்கில் சில இடங்களில் பக்கத்து வீடுகளின் மாடங்களில் நின்று, ஒருவரையொருவர் பார்த்தபடி பத்தை நிறைவு செய்தார்கள்.

மட்டாஞ்சேரிக்குப் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று பார்வையாளருக்கு அனுமதியில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்ததும் ஓடுகளைப் பாருங்கள், தவறில்லை. பிறகு மேலே பாருங்கள். பெண்கள் பகுதியை ஒட்டி, மாடியில் இரண்டாவது வாசிப்பு மேடை ஒன்று இருக்கும். கேரள ஜெபாலயங்களுக்கே உரிய அமைப்பு அது. எண்ணிக்கையில் சேர்க்கப்படாத கொச்சிப் பெண்கள் அதன் பின்னாலிருந்து வாசிப்பைக் கேட்டார்கள். விழாக்களிலும் திருமணங்களிலும் பாட மலையாளப் பாடல்களை நோட்டுப் புத்தகங்களில் எழுதிக் காத்தவர்களும் அவர்களே. வெளியே வரும்போது முன்கூடத்தில் சற்று நின்று, ஆபிரகாம் சேலத்தின் முன்னோர் உட்கார்ந்த இடத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.