பவர் காலிபரேஷன் எரரும் குமணன்சாவடி கரண்ட்டும்

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கிறேன் மக்களே. வருஷம் 2004. இடம் குமணன்சாவடி, ட்ரங்க் ரோட்டை ஒட்டின எங்க வீடு. கம்ப்யூட்டரில் புதுசா ஒரு 52எக்ஸ் சிடி ரைட்டர். எங்க ஆயா பாடின தாலாட்டையும் ஒப்பாரியையும் அப்பா ஒரு கேசட்டில் பிடிச்சு வச்சிருந்தார். ஆயா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. டேப் இழுக்க ஆரம்பிக்கவும், சிடியில் ஏத்திடலாம்னு உட்கார்ந்தேன்.

எழுத ஆரம்பிச்ச உடனே நீரோ சொன்னது: "பவர் காலிபரேஷன் எரர்".

பவர்னா நமக்குக் கரண்ட்தானே? லோ வோல்டேஜ் மேல பழியைப் போட்டு ஸ்டெபிலைசர் வாங்கினேன். ராத்திரி ஃபேன், லைட் எல்லாம் அணைச்சுட்டு எழுதிப் பார்த்தேன். ஏழு சிடி காலி. தெருப் பசங்க சைக்கிளுக்கு ரிஃப்ளெக்டர் ஆனதுதான் மிச்சம்.

அது கரண்ட் பவர் இல்லை, லேசரோட பவர்!

கடையில் விற்ற பாட்டு சிடியில் பள்ளங்களை அச்சிலேயே அழுத்தி எடுப்பார்கள். நாம் எழுதுகிற சிடியில் இருப்பது ஒரு சாயப்பூச்சு. 1988ல் ஜப்பானின் தையோ யூடன் கம்பெனி கொண்டுவந்த வித்தை. லேசர் சாயத்தைச் சுடும். சுட்ட இடம், சுடாத இடம், அதுதான் எழுத்து. 1990ல் பிலிப்ஸும் சோனியும் இதற்கான விதிகளை 'ஆரஞ்சு புக்' என்று வெளியிட்டன. சாயம் கம்பெனிக்கு கம்பெனி மாறும். அதனால் டிரைவ் முதலில் சிடியின் உள்விளிம்பில் துளியூண்டு சுட்டுப் பார்த்து, எவ்வளவு பவர் வேணும்னு முடிவு செய்யும். தோசைக்கல்லில் தண்ணி தெளிச்சுப் பாக்கற மாதிரி. அந்தச் சோதனை தேறலைன்னா வருவதுதான் என்னோட எரர். லென்சில் தூசி, மட்டமான சிடி, களைச்சுப்போன லேசர்... இதில் ஏதாவது ஒண்ணு காரணமா இருக்கும்.

இதுக்கு அண்ணன் ஒருத்தன் உண்டு: பஃபர் அண்டர்ரன். அந்தக்கால டிரைவில் எழுத ஆரம்பிச்ச லேசர் நடுவில் நிற்காது. கம்ப்யூட்டர் டேட்டா தரத் தாமதிச்சா சிடி குப்பை. 2000ல் சான்யோவின் 'பர்ன்-ப்ரூஃப்' வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர வைத்தது. ஆனாலும் எங்க வீட்டில் சிடி எழுதும்போது மவுஸைத் தொடக்கூடாதுன்னு 144 போட்டிருந்தேன், ஹி ஹி.

என் விஷயத்தில் வில்லன் ட்ரங்க் ரோட்டு லாரிப் புழுதி. லென்ஸ் க்ளீனர் ஓட்டி, நல்ல சிடியா வாங்கி, 52ஐ விட்டு 16 ஸ்பீடில் எழுதினேன். எரர் இல்லாம முடிஞ்சுது. அந்தச் சந்தோஷத்தில் கேசட்டைத் தூக்கிப் போட்டேன் பாருங்க, அதுதான் தப்பு.

போன வருஷம் பரணிலிருந்து அந்த சிடியை இறக்கினேன். நாற்பது நிமிஷத்தில் இருபத்தாறுதான் வந்தது. சிடி உள்ளேயிருந்து வெளியே எழுதப்படுவது. பரண் சூட்டில் வெளிப்பக்கத்துச் சாயம் கெட்டிருக்கணும். தாலாட்டு தப்பிச்சது, ஒப்பாரி போச்சு. எரர் காட்டின ஏழு சிடியால் எனக்குப் பணம்தான் நஷ்டம். எரரே காட்டாத ஒண்ணு ஆயாவோட பாதிக் குரலைக் கொண்டுபோயிடுச்சு.

தையோ யூடன் 2015ல் சிடி தயாரிப்பை நிறுத்திவிட்டது. இப்ப வர்ற லேப்டாப்பில் பெரும்பாலும் டிரைவே கிடையாது. உங்க பரணில் சிடி இருந்தா இந்த ஞாயித்துக்கிழமையே இறக்குங்க. ரெண்டு இடத்தில் காப்பி எடுத்து, கடைசி வரைக்கும் ஓட்டிப் பாருங்க. அப்புறமும் பழசைத் தூக்கிப் போடாதீங்க.