ஸஹாராவின் வாணிப மார்க்கங்களும் வியூக விளையாட்டின் தேசப்படமும்

சரித்திரத்தை ஆதாரமாகக் கொண்டு இயற்றப்படும் கணிப்பொறி வியூக விளையாட்டுக்கள் இன்று எண்ணற்ற இளைஞர்களின் பூகோள அறிவை உருவாக்கி வருகின்றன. பள்ளிக்கூடத் தேசப்படத்தை ஒரு முறை விரித்துப் பார்த்து மூடிவிடுகிற ஒருவர், விளையாட்டின் தேசப்படத்தையோ மணிக்கணக்காக உற்றுநோக்கி, அதன் மலைகளையும் நதிகளையும் எல்லைகளையும் தம் மனத்தில் அழியாது பதித்துக்கொள்கிறார். ஆதலின் அத் தேசப்படத்தில் நேரும் பிழையைச் சிறு பிழையென்று தள்ளுதல் இயலாது. மத்தியகால ஸஹாராவின் வாணிப மார்க்கங்கள் ஒரு கோடாகவோ சாலையாகவோ வரையப்படும் வரையில் அவற்றின் உண்மை இயல்பு வெளிப்படமாட்டாது என்பதும், நீர்நிலைகளும், ஒரு நீர்நிலைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நாட்களின் அளவும், அந்நிலத்தை அறிந்த மக்களின் உடன்பாடும் ஆகிய மூன்றுமே அங்கு மார்க்கமாக நின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபாகும்.

இப்போது வழங்கும் விளையாட்டுக்களில் இரண்டை நோக்குவோம். 'சிவிலைசேஷன்' வரிசையின் ஆறாம் பாகத்தில் (2016) ஒரு நகரிலிருந்து வேறொரு நகருக்கு வணிகன் சென்றால், அவன் கடந்த அறுகோணக் கட்டங்களிலெல்லாம் சாலை தானே அமைந்துவிடுகிறது. பாலைக் கட்டமும் இதற்கு விலக்கன்று. 2019-இல் வெளிவந்த அதன் விரிவாக்கத்தில் மான்ஸா மூஸாவின் மாலி நாட்டைச் சேர்த்தபோது, நகரைச் சார்ந்த சமதளப் பாலைக் கட்டங்கள் பெருகப் பெருக அந்நகரின் அயல்நாட்டு வாணிபத்தில் பொன்னும் பெருகும் என்று விதி செய்தனர். பாலைவனத்துக்கும் மாலியின் செல்வத்துக்கும் தொடர்புண்டு என்று இவ்விதி உணர்த்துவது பாராட்டத்தக்கதே. எனினும் பொன் கிடைத்தது பாலையிலன்று, அதற்குத் தெற்கே பம்புக், பூரே முதலிய ஆற்றுப் பிரதேசங்களிலாம். 1444-ஆம் ஆண்டில் தொடங்கும் 'யூரோப்பா யுனிவர்ஸாலிஸ்' நான்காம் பாகமோ (2013), ஸஹாராவின் பெரும்பகுதியை எவரும் புகவொண்ணாத பாழ்நிலமாக விடுத்து, வாணிபத்தைச் சில கேந்திரங்களுக்கிடையே மாறாத ஒரே திசையில் ஓடும் அம்புக்குறிகளாக அமைத்தது. முன்னதில் பாலை மற்ற நிலங்களைப் போன்ற ஒரு நிலம். பின்னதில் அது நிலமே அன்று. இவ்விரண்டு கருத்துக்களும் அங்கே நடந்து கடந்தவர்களின் சாட்சியத்தோடு பொருந்துவனவல்ல.

அச்சாட்சியங்களுள் தலையாயது பதினான்காம் நூற்றாண்டுப் பயணி இப்னு பதூதாவினுடையது. 1352-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மொராக்கோவின் தென்கிழக்கிலுள்ள ஸிஜில்மாஸாவிலிருந்து அவர் ஒரு வணிகச் சாத்துடன் புறப்பட்டார். புறப்படுமுன் ஒட்டகங்களையும் அவற்றுக்கு நான்கு மாதத் தீவனத்தையும் அங்கேயே வாங்கிக்கொண்டார். இருபத்தைந்து நாட்களில் தகாஸா என்னும் உப்புச் சுரங்க ஊரை அடைந்தனர். அவ்வூரில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. மரம் ஒன்றும் இல்லை. மஸூஃபா என்னும் பாலைவாசி மக்களின், உப்பு வெட்டும் அடிமைகளுக்கு உண்ணுவதற்கு வடக்கே தரா, ஸிஜில்மாஸா ஆகிய இடங்களிலிருந்து பேரீச்சம்பழமும் தெற்கேயிருந்து தானியமும் வரவேண்டியிருந்தது. தன்னைச் சுற்றியுள்ள கட்டங்களிலிருந்து உணவு பெற்று வளர்வதே நகரம் என்னும் விளையாட்டு விதிக்கு தகாஸா ஒருபோதும் உட்படாது. வாணிபம் ஒரு பருவம் நின்றாலும் உண்ண வழியற்றுப்போகும் ஊர் அது.

தகாஸாவுக்கு அப்பால் பத்து நாட்கள் நீரே கிடைக்காத வழி. அவ்வாண்டு மழையிருந்தமையால் பாறைகளுக்கிடையே தேங்கிய நீரைச் சாத்தினர் கண்டனர் என்று அவர் கூறுவதிலிருந்து, ஒரே வழி ஓராண்டில் கடக்கத்தக்கதாகவும் மற்றோராண்டில் கொடியதாகவும் இருந்தமை புலனாகின்றது. வழியில் வேறொரு சாத்தினர் தம்முள் சிலர் பிரிந்து காணாமற்போயினர் எனக் கூறினர்; அவர்களுள் ஒருவன் ஒரு சிறு மரத்தின் கீழ், உடுத்த உடையோடும் கையில் சாட்டையோடும், இறந்துகிடந்ததை இப்னு பதூதாவின் குழுவினர் கண்டனர். நீர் அவ்விடத்திலிருந்து ஒரு மைல் தொலைவிலேயே இருந்தது. தேசப்படம் வரைவோர் இந்த ஒரு மைலை மறக்கலாகாது. பல மைல் அகலமுள்ள ஒரு கட்டத்தைப் 'பாலை' என்று வர்ணம் தீட்டிவிடுவோமானால், அதே கட்டத்தினுள் உயிரும் மரணமும் அருகருகே நின்றமை மறைந்துபோகின்றது.

பின்னர்த் தாஸரஹ்லா என்னும் நீர்த்தலத்தில் மூன்று நாட்கள் தங்கி, தோல்துருத்திகளைச் செப்பனிட்டு, நீர் நிரப்பி, காற்றினால் நீர் வற்றாதபடி அவற்றின்மேல் முரட்டுத் துணியைத் தைத்தனர். அங்கிருந்துதான் 'தக்ஷீஃப்' எனப்படும் தூதன் முன்னதாக அனுப்பப்படுவான். மஸூஃபா இனத்தவனாகிய அவன் தனியே வலாதா நகருக்குச் சென்று, சாத்தினரின் கடிதங்களை அங்குள்ள அவர்களுடைய நண்பர்களிடம் சேர்ப்பிக்க, அவர்கள் நான்கு நாட்பயணத் தொலைவு எதிர்வந்து நீர் தருவர். தூதன் வழியில் மாண்டால், சாத்து வருவதை வலாதா அறியாது. சாத்தினருள் பெரும்பாலோரோ அனைவருமோ மடிவர். அம்முறை அமர்த்தப்பட்டவனுக்கு நூறு மித்கால் பொன் கூலி. அவன் ஒரு கண் குருடன், மறு கண்ணும் நோயுற்றது. எனினும் வழியை அவனைப்போல் அறிந்தார் இலர். இதனினும் தெளிவாக ஒரு மார்க்கத்தின் இலக்கணத்தை எவரும் கூறிவிட முடியாது. வழி நிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கவில்லை; கண்ணொளி குன்றிய ஒரு மனிதனின் அறிவிலும், அவனுக்கும் வணிகருக்கும் இடையிலிருந்த நம்பிக்கையிலும் அது இருந்தது.

எனவே விளையாட்டின் தேசப்படத்தில் முதற்கண் இடம்பெற வேண்டியவை கிணறுகளும் குளங்களுமே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொள்ளளவு வேண்டும். பெருஞ்சாத்தொன்று நீரெடுத்துச் சென்றபின் அக்கிணறு மீண்டும் ஊறுவதற்குக் காலம் வேண்டும். மழை பெய்த ஆண்டில் தற்காலிகமான நீர்த்தலங்கள் தோன்றவேண்டும். தூரத்தை மைலால் அளத்தலை விட்டு, நீரற்ற நாட்களால் அளத்தல் வேண்டும். இது புதிதாக நாம் கற்பிக்கும் அளவையன்று. 1068-இல் நூல் எழுதிய, ஸ்பெயினின் குர்துபா நகரத்தைச் சேர்ந்த அல்-பக்ரீ, தாம் ஸஹாராவைக் கண்ணாற் காணாதவராயினும், சென்று வந்தோர் வாய்மொழியையும் முன்னோர் நூல்களையும் கொண்டு, இன்ன கிணற்றிலிருந்து இன்ன கிணற்றுக்கு இத்தனை நாள் என்றே வழிகளை விவரிக்கிறார். 1375-ஐச் சார்ந்த கதலான் தேசப்படத்தைத் தீட்டிய மயோர்க்கா தீவினரும், பொற்கட்டியை ஏந்திய மாலி அரசனையும் ஒட்டகத்தின்மேல் வரும் பாலைவாசியையும் எழுதினார்களேயன்றி, வணிகர் செல்லும் வழியாக அட்லஸ் மலையிலுள்ள தரா கணவாய் ஒன்றையே குறித்தனர்.

கோடு வரைவோர் சார்பில் ஒரு வாதம் உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கிணறுகள் இடம்பெயர்வன அல்ல. ஆதலின் அவற்றை இணைக்கும் வழிகளும் நூற்றாண்டுகளாக மாறாதிருந்திருக்கும். அவற்றைக் கோடாக வரைவதில் என்ன பிழை என்பது அவ்வாதம். கிணறுகள் நிலைத்தன என்பது பெரும்பாலும் உண்மையே. ஆயினும் எக்கிணறுகளின் வழியே வாணிபம் சென்றது என்பது காலந்தோறும் மாறியது. பதினோராம் நூற்றாண்டில் ஸிஜில்மாஸாவின் தென்கோடித் துணைநகர் அவ்தகுஸ்த். 1054-55-இல் அல்மொராவிதுகள் என்னும் பெர்பர் வம்சத்தார் அதைக் கைப்பற்றினர். பின்னர் அது தேய, பதினான்காம் நூற்றாண்டில் தகாஸா வழியாக வலாதாவும், அதற்கும் பின் கிழக்கே திம்புக்துவும் மேலோங்கின. 1066-ஆம் ஆண்டில் தொடங்கும் விளையாட்டும் 1444-இல் தொடங்கும் விளையாட்டும் ஒரே கோட்டை வரையுமாயின், இரண்டில் ஒன்று தவறியே தீரும்.

கிணறுகளுக்கிடைப்பட்ட வெளியிலும் வழி ஒரு கோடாக இருக்கவில்லை என்பதற்கு மண்ணிலிருந்தே ஒரு சான்று கிடைத்துள்ளது. 1964-இல் பிரெஞ்சு அறிஞர் தியோதோர் மொனோ, மொரித்தானியாவின் மஜாபத் அல்-குப்ரா என்னும் நீரற்ற மணல்வெளியில், மஅதன் இஜாஃபன் எனப்படும் இடத்தில், புதைத்து வைக்கப்பட்ட ஒரு சாத்தின் சரக்கைக் கண்டார்: இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பித்தளைக் கம்பிகள், ஏறக்குறைய ஒரு டன் எடை, அவற்றோடு சோழிகள். காலம் ஏறத்தாழப் பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஆறேழு ஒட்டகச் சுமையாகும் அச்சரக்கை மீட்க எவரும் திரும்பி வரவில்லை. சோழி மாலத்தீவின் கடலில் விளைவது. மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதாவே அதனை மாலியிலும் காவ் நகரிலும் நாணயமாகக் கண்டு, 1,150 சோழிக்கு ஒரு தீனார் என விலையும் குறித்திருக்கிறார். இந்து மகாசமுத்திரத்தின் பொருள் இவ்வளவு தூரம் வந்து, நாம் வரையும் எந்தக் கோட்டிலும் அமையாத ஓரிடத்தில் கிடந்தது. மார்க்கத்தைப் பல நாள் அகலமுள்ள ஒரு வெளியாகவே காட்டுதல் தகும்.

அம்புக்குறியின் ஒரே திசையும் கைவிடத்தக்கது. உப்பு தெற்கே சென்றது, பொன் வடக்கே வந்தது. தெற்கே செல்லச் செல்ல உப்பின் விலை ஏறிற்று. இப்னு பதூதாவின் காலத்தில் ஓர் ஒட்டகச் சுமை வலாதாவில் எட்டு முதல் பத்து மித்கால். மாலியின் தலைநகரில் இருபது முதல் முப்பது, சிற்சில வேளை நாற்பது. பதினோராம் நூற்றாண்டின் கானா அரசன் தன் நாட்டினுள் வரும் ஒவ்வொரு கழுதைச் சுமை உப்புக்கும் ஒரு தீனாரும், வெளியேறும் சுமைக்கு இரண்டு தீனாரும் வாங்கினான் என்பது அல்-பக்ரீ தரும் செய்தி. அரசுகள் பாலையின் விளிம்பில் நின்று வரி வாங்கின. பாலையின் நடுவே அதிகாரம் மஸூஃபா போன்ற மக்களுடையதாக இருந்தது. ஆதலின் ஒரு நகரைப் பிடித்தவுடன் அதனோடு இணைந்த மார்க்கம் முழுவதும் கைக்கு வந்துவிடும் என்னும் விதி பொருந்தாது. 1591-இல் மொராக்கோப் படை பாலையைக் கடந்து தொந்தீபியில் ஸொங்காய் அரசை முறியடித்தும், பொன் விளையும் பூமி அதன் கைக்கு எட்டவில்லை.

இவையெல்லாம் சேர்ந்தால் விளையாட்டு ஆடத்தகாத சுமையாகிவிடும் என்பர் சிலர். எந்தத் தேசப்படமும் சிலவற்றை விடுத்தே ஆகவேண்டும் என்பதை நானும் மறுக்கவில்லை. எதை விடுப்பது என்பதே கேள்வி. கட்டந்தோறும் சாலை அமைக்கும் விதியையும் பாழ்நில வர்ணத்தையும் விடுத்து, கிணறு, நாள், வழிகாட்டி என்னும் மூன்றை மட்டும் கொண்டால், ஆடுவோன் ஆராயவேண்டியவை குறைகின்றனவேயன்றிப் பெருகுவதில்லை. தூதனை எப்போது அனுப்புவது, எவருடன் உடன்பாடு செய்வது, மழையில்லா ஆண்டில் காத்திருப்பதா துணிவதா என்பனவே அவன்முன் நிற்கும். மெய்யான வணிகனின் முன் நின்ற கேள்விகளும் இவையே.

சரக்குகளின் அட்டவணையில் பொன்னையும் உப்பையும் குறித்து அடிமைகளை விடுத்துவிடும் வழக்கத்தை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள இயலாது. 1353 செப்டம்பரில் தகத்தா என்னும் ஊரிலிருந்து வடக்கே துவாத் பாலைச்சோலைகளை நோக்கித் திரும்பிய இப்னு பதூதா, எழுபது இரவுக்கான உணவுடன், ஏறக்குறைய அறுநூறு அடிமைப் பெண்களை நடத்திச் சென்ற ஒரு சாத்தோடு சென்றார். நாகரிகம் கருதி இதனை மறைக்கும் தேசப்படம், அறத்தில் மட்டுமின்றிக் கணக்கிலும் பிழைபடுகின்றது. உப்புப் பாளமும் பித்தளைக் கம்பியும் வழியில் நீர் கேட்பதில்லை. அப்பெண்களுக்கோ நாள்தோறும் நீர் வேண்டியிருந்தது. தெற்கே உப்பேற்றிச் சென்ற சாத்துக்குப் போதுமான கிணறு, வடக்கே மனிதரைக் கொண்டுவந்த சாத்துக்குப் போதாது. ஆகவே ஒவ்வொரு கிணற்றின் கொள்ளளவையும் இரு திசைக்கும் தனித்தனியே கணித்தல் வேண்டும். வடதிசைக் கணக்கில் அப்பெண்களின் தொகை எழுதப்படல் வேண்டும்.