எதிர்ப் பக்கம்

பழைய புத்தகக் கடைக்குப் போனால் நான் முதலில் விலையைப் பார்ப்பதில்லை. யார் யாருக்குக் கொடுத்தது என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்றுதான் புரட்டுவேன். 1806-இல் அச்சான ஷேக்ஸ்பியர் கவிதைத் தொகுதி ஒன்றில் அப்படி ஒரு குறிப்பு உண்டு. ஜான் ஹாமில்டன் ரெனால்ட்ஸ் தன் நண்பன், கவிஞன் ஜான் கீட்ஸுக்கு 1819-இல் கொடுத்தது அது.

அந்த ஆண்டில் கீட்ஸ் குடியிருந்தது லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில், நடுச்சுவர் வைத்து இரண்டாகத் தடுத்த ஒரு வீட்டின் ஒரு பாதியில். ஏப்ரலில் மறுபாதிக்கு ஃபேனி பிரானின் குடும்பம் வந்தது. அவளுக்கு வயது பதினெட்டு. சுவருக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். மோதிரம் மாறியது, கல்யாணத்துக்குக் காசில்லை. 1820 பிப்ரவரியில் ஓர் இரவு அவனுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. மருத்துவம் படித்தவன். நிறத்தைப் பார்த்ததுமே அது என்னவென்று தெரிந்துகொண்டான்.

இங்கிலாந்தின் குளிரை இன்னொரு முறை தாங்க மாட்டான், இத்தாலிக்குப் போகட்டும் என்றார்கள். செப்டம்பரில் ‘மரியா குரௌதர்’ என்ற சிறு பாய்மரக் கப்பலில் ஏறினான். துணைக்கு ஓவியர் ஜோசப் செவர்ன். இருந்த ஒரே அறையில் இரண்டு பெண்களும் கூட வந்தார்கள். ஒருத்திக்கு இவனுக்கிருந்த அதே நோய். எதிர்க்காற்றில் கப்பல் ஏறக்குறைய இரண்டு வாரம் இங்கிலீஷ் கால்வாயிலேயே தத்தளித்தது. போக வேண்டிய ஊர் வரவில்லை, விட்டுவந்த கரையும் கண்ணைவிட்டு மறையவில்லை.

அந்த நாட்களில்தான் கீட்ஸ் இந்தப் புத்தகத்தைத் திறந்தான். காதலனால் கைவிடப்பட்ட ஒரு பெண் ஆற்றோரம் உட்கார்ந்து புலம்பும் ஷேக்ஸ்பியரின் நெடுங்கவிதை தொடங்குமிடத்தில், எதிர்ப் பக்கம் காலியாக இருந்தது. அதில் தன் கையால் பதினான்கு வரி எழுதினான். விண்மீனைப் போல் அசையாமல் நிலைத்திருக்க ஆசை, ஆனால் அதன் தனிமை வேண்டாம். காதலியின் மார்பில் தலைசாய்த்து அவள் மூச்சைக் கேட்டபடி அந்த நிலைப்பு வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

கப்பலில் பிறந்த கவிதை என்றே செவர்ன் நம்பினார். 1848-இல் மில்ன்ஸ் எழுதிய கீட்ஸின் வாழ்க்கை வரலாற்றிலும் அது அவனுடைய கடைசிக் கவிதையாகத்தான் அச்சேறியது. உண்மையில் அது பழையது. கீட்ஸின் நண்பர் சார்லஸ் பிரவுன் எடுத்துவைத்திருந்த பிரதியில் 1819 என்றிருக்கிறது. 1838-இலேயே பிளிமத் ஊர்ப் பத்திரிகை ஒன்றில் வந்தும்விட்டது. செவர்னைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பேனா ஓடியதைத்தானே அவர் பார்த்தார். அது வெறும் நகலெடுப்பும் அல்ல. பழைய பிரதியின் முடிவில் கவிஞன் அப்படியே மயங்கிச் சாவுக்குள் நழுவுகிறான். கப்பலில் எழுதியதில் அதற்கு முன்னால் வேறொரு வழி முளைத்திருக்கிறது: என்றென்றும் வாழ்வது, இல்லையென்றால் சாவு. சாவு பக்கத்தில் வந்த பிறகுதான் வாழ்வைச் சேர்த்திருக்கிறான்.

நேப்பிள்ஸ் துறைமுகத்தில் பத்து நாள் கரையிறங்க விடவில்லை. இறங்கியதும் பிரவுனுக்கு எழுதிய கடிதத்தில், தன் பயணத் தொப்பிக்குள் ஃபேனி வைத்துத் தைத்த பட்டுத்துணி தலையைச் சுடுகிறது என்கிறான். ரோமில், ஸ்பானியப் படிக்கட்டை ஒட்டிய வீட்டில், அவள் அனுப்பிய கடிதங்களைப் பிரித்துப் படிக்கக்கூட அவனால் முடியவில்லை. 1821 பிப்ரவரி 23-இல் இறந்தான், வயது இருபத்தைந்து. பிரிக்காத கடிதங்கள் அவனோடு புதைகுழிக்குப் போயின. அறைச் சாமான்களைக் காசநோய்க்குப் பயந்து எரித்தார்கள். புத்தகம் செவர்னிடம் இருந்தது.

செவர்ன் 1879 வரை வாழ்ந்தார். ரோமிலேயே இறந்தார், இன்று கீட்ஸுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறார். புத்தகம் ஹாம்ப்ஸ்டெட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. கீட்ஸ் குடியிருந்த அதே வீடு 1925 முதல் நினைவில்லம். ஃபேனிக்கு அவன் கொடுத்த மோதிரமும் அங்கேதான். வீட்டை 1838 வாக்கில் வாங்கிய எலிசா செஸ்டர் என்ற நடிகை, இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே வீடாக்கிவிட்டார். இன்று அங்கே போகிறவர்கள் கீட்ஸின் பக்கத்திலிருந்து ஃபேனியின் பக்கத்துக்கு உள்ளுக்குள்ளேயே நடந்து போய்விடலாம்.