மூன்று சட்டக் கலாநிதிகள்

சட்டத்துறையிலே உயர்பட்டம் பெறுதல் எம்மவரிடையே நெடுங்காலமாகப் பெரும்பேறாகக் கருதப்பட்டு வருகிறது. கடல் கடந்து சென்று பட்டத்தோடு மீள்பவனுக்கு உத்தியோகமும் சீதனமும் காத்திருக்கும் என்பது எமது மத்தியதர வர்க்கத்தின் அசையாத நம்பிக்கை. அப்படிப்பு எதற்காக, யாருக்காக என்ற வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. சட்டம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்ற மூவரின் வரலாறு அவ்வினாவை எம்முன் நிறுத்துகின்றது. மூவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். மூவரையும் பிணைப்பது ஒரு நகரம்.

ஜேர்மானியர் லெம்பேர்க் என்றும், போலந்தினர் லுவோவ் என்றும், உக்ரேனியர் லிவீவ் என்றும் அழைக்கும் நகரம் அது. ஒஸ்திரிய ஹங்கேரியப் பேரரசு 1918இல் சிதறியதும் போலந்தினரும் உக்ரேனியரும் அந்நகருக்காகப் போரிட்டனர். அவ்வாண்டு நவம்பரில் இரு சாராருக்கும் இடையில் அகப்பட்ட யூதர் பலர் கொல்லப்பட்டனர். பேரரசுகள் உடைந்து தேசிய அரசுகள் தோன்றும் வேளையில் சிறுபான்மையினர் எவ்வாறு நசுங்குவர் என்பதை அங்கு சட்டம் பயின்ற மாணவர் தம் தெருவிலேயே கண்டனர்.

அவர்களுள் ஒருவர் ஹேர்ஷ் லௌட்டர்பாக்ட். 1897இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த அவர், யூதர் என்ற காரணத்தால் 1919இல் அங்கே இறுதித் தேர்வெழுத இயலாது வியன்னா சென்றார். 1920ஆம் ஆண்டின் ஒஸ்திரிய அரசியலமைப்பை வரைந்தவர்களுள் முதன்மையான ஹான்ஸ் கெல்சனிடம் பயின்று, அங்கு 1921இல் சட்டத்திலும் 1922இல் அரசியல் விஞ்ஞானத்திலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்றார். இரண்டாவது ஆய்வின் பொருள் சர்வதேச சங்கத்தின் ஆணைப் பிரதேசங்கள் ஆகும். வெற்றி பெற்ற வல்லரசுகள் தோற்றவரின் குடியேற்ற நாடுகளைப் பங்கிட்டுக்கொண்டு, அப்பங்கீட்டிற்கு ‘நம்பிக்கைப் பொறுப்பு’ எனப் பெயரிட்ட ஏற்பாடு அது. பின்னர் இலண்டன் பொருளியற் கல்லூரியிற் சேர்ந்து, தனியாட்களிடையேயான சட்டத்தின் கோட்பாடுகள் நாடுகளிடையேயான சட்டத்திற்கு எவ்வாறு மூலமாகின்றன என ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1927இல் நூலாயிற்று.

இந்நுண்ணிய ஆராய்ச்சிக்கு அடியில் ஓர் எளிய கேள்வி கிடந்தது. அக்காலச் சர்வதேசச் சட்டத்தில் அரசுகளுக்கே உரிமையும் கடமையும் இருந்தன, மனிதனுக்கு இடமில்லை. சட்டத்தின் இறுதி நோக்கம் மனிதனே எனின், அவன் ஏன் அச்சட்டத்திற்கு வெளியே நிற்கவேண்டும்?

இரண்டாமவர் ரபாயேல் லெம்கின். 1900இற் பிறந்த இவரும் யூதரே. 1921இல் லுவோவ் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அவ்வாண்டு மார்ச்சில், ஆர்மேனியரின் பேரழிவுக்குப் பொறுப்பாளியான ஒட்டோமன் அமைச்சர் தலாத் பாஷாவைப் பேர்லின் வீதியில் ஆர்மேனிய இளைஞன் ஒருவன் சுட்டுக் கொன்றிருந்தான். மக்கள் கூட்டமொன்றை அழித்தவனை ஏன் எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை எனப் பேராசிரியர் ஒருவரிடம் லெம்கின் வினவினார். தன் கோழிகளைக் கொல்லும் குடியானவனைப் பிறர் தடுக்க முடியாதல்லவா என்று விடை வந்ததாம். ஆர்மேனியர் கோழிகளல்லர் என்பது மாணவனின் மறுமொழி.

இறைமை என்னும் கோட்பாட்டின் உட்பொருளை அந்தக் கோழிக் கதை தெளிவாகவே காட்டிவிடுகிறது. குடிமக்கள் அரசின் உடைமை. உடைமையாளன் செய்வதற்குக் கேள்வியில்லை. பல்கலைக்கழகங்கள் தலைமுறை தலைமுறையாக இதனையே சட்ட விஞ்ஞானம் எனப் போதித்து வந்தன.

மூன்றாமவரின் பெயர் ஹான்ஸ் பிராங்க். அவரும் 1900இற் பிறந்தவர். 1924இல் ஜேர்மனியின் கீல் பல்கலைக்கழகத்தில் சட்டக் கலாநிதியானவர். ஹிட்லரின் சட்டத்தரணியாகி, 1933இல் ஜேர்மன் சட்டத்திற்கென ஒரு கழகத்தையே நிறுவினார். 1939இல் ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தின் ஆளுநர் நாயகமானார். 1941இல் லெம்பேர்க்கும் அவர் ஆட்சிக்குள் வந்தது. 1942 ஓகஸ்டில் அந்நகருக்கு வந்து அவர் உரையாற்றிய மாதத்திலேயே அங்குள்ள யூதர் ஆயிரமாயிரமாய்க் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு கொடுமைக்கும் முன்னர் ஓர் ஆணை எழுதப்பட்டது. அதற்கு இலக்கமும் திகதியும் கையொப்பமும் இருந்தன. சட்டப் படிப்பு அங்கே கொலைக்குக் கணக்கெழுதிக் கொடுத்தது.

அந்த ஆணைகளையே லெம்கின் திரட்டினார். சுவீடனிலும் பின்னர் அமெரிக்காவிலும் அகதியாய் இருந்து அவற்றை ஆராய்ந்து 1944இல் நூலாக்கினார். இனப்படுகொலையைக் குறிக்கும் ‘ஜெனோசைட்’ என்னும் புதுச்சொல் அந்நூலிலேதான் தோன்றியது. கேம்பிரிட்ஜிற் பேராசிரியராய் இருந்த லௌட்டர்பாக்ட், ‘மானிடத்துக்கு எதிரான குற்றங்கள்’ என்னும் தொடரை அமெரிக்க வழக்குத்தொடுநர் ஜாக்சனுக்கு எடுத்துரைத்தார். 1945இல் நியூரம்பேர்க்கில் விசாரணை தொடங்கியபோது குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்களுள் பிராங்கும் ஒருவர். 1946 ஒக்டோபரில் அவர் தூக்கிலிடப்பட்டார். லௌட்டர்பாக்டின் பெற்றோரும் லெம்கினின் பெற்றோரும் நாசிகளால் ஏலவே கொல்லப்பட்டிருந்தனர்.

அறம் வென்றது என்று கூறி நாம் இங்கே கட்டுரையை முடித்துவிடலாகாது. நியூரம்பேர்க் நீதிமன்றத்தின் சாசனம் 1945 ஓகஸ்ட் 8ஆம் நாள் ஒப்பமாயிற்று. அதற்கு இரு நாட்கள் முன்னர் ஹிரோஷிமா எரிந்தது. மறுநாள் நாகசாகி எரிந்தது. அவ்வாண்டு மே 8ஆம் நாள், நாசிசம் வீழ்ந்ததை ஐரோப்பா கொண்டாடிய அதே நாளில், விடுதலை கேட்ட அல்ஜீரியரைச் செத்திப் நகரிலே பிரெஞ்சு ஆட்சியினர் சுட்டனர். இவற்றை எந்தச் சர்வதேச நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. தீர்ப்பிலேயும் குறை இருந்தது. மானிடத்துக்கு எதிரான குற்றங்கள் போரோடு தொடர்புற்ற அளவிற்கே தண்டிக்கப்பட்டன. இனப்படுகொலை என்ற சொல் தீர்ப்பில் இடம்பெறவேயில்லை. வென்றவரின் சட்டம் வென்றவரின் வாசலில் நின்றுவிட்டது.

ஆயினும் அச்சட்டத்தை வெறும் பாசாங்கெனத் தள்ளிவிடுவதும் தவறே. 1948 டிசம்பர் 9இல் இனப்படுகொலைச் சமவாயம் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நிறைவேறியது. ஒரு பதவியுமின்றி, சபையின் தாழ்வாரங்களிலே பிரதிநிதிகளை மறித்து மறித்து வாதாடியவர் லெம்கின். 1959இல் அவர் நியூயோர்க்கில் வறியவராகவே மறைந்தார். இலங்கை அச்சமவாயத்தில் 1950 ஒக்டோபரிலேயே இணைந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் எமக்கு உறுப்புரிமை கிடைத்ததோ 1955இல். அமெரிக்கா 1988 வரை அச்சமவாயத்தை உறுதிப்படுத்தவில்லை. கைச்சாத்து முந்துவதாலோ பிந்துவதாலோ உயிர்கள் காக்கப்படுவதில்லை என்பதை இந்நாட்டின் வரலாற்றை அறிந்தோர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதப்பட்ட சட்டம் ஒன்று இருப்பதனாலேயே நலிந்தவன் அதனைச் சுட்டிக் காட்டி நியாயம் கேட்க முடிகிறது.

மூவருக்கும் பட்டம் ஒன்றே. ஒருவர் தம் படிப்பை அதிகாரத்திற்கு ஒப்படைத்தார். மற்றிருவர் அப்படிப்பைக் கொண்டே அதிகாரத்தைக் கேள்வி கேட்டனர். இவ்வேறுபாட்டை எந்தப் பரீட்சையும் அளந்ததில்லை. பேராசிரியர் சொன்ன கோழிக் கதையை லெம்கினின் சகமாணவர் சிலர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு தேர்விலே சித்தியும் பெற்றிருப்பர். எமது வகுப்பறைகளிலே நாம் எத்தகைய மாணவரை உருவாக்கிக்கொண்டிருக்கின்றோம் என்பதே ஆசிரியராகிய நாம் எம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வி.