404 வந்த கதை

எப்போதோ சேமித்து வைத்த சுட்டியைத் தட்டினால் சில சமயம் "404" என்று வருகிறதே, அதை ஏதோ கோளாறு என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. தெரிந்தே செய்த ஏற்பாடு அது.

1991 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் ஹைப்பர்டெக்ஸ்ட் ஆய்வாளர்களின் மாநாடு நடந்தது. ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீயும் ராபர்ட் கைலியோவும் தங்கள் 'வேர்ல்டு வைடு வெப்' பற்றி ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார்கள். நிராகரித்துவிட்டார்கள்! வேண்டுமானால் இயக்கிக் காட்டலாம் என்று மட்டும் இடம் கொடுத்தார்கள். இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் நிராகரித்தவர்கள் ஒன்றும் விவரம் தெரியாதவர்கள் இல்லை.

ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை 1965-லேயே அறிமுகப்படுத்தியவர் டெட் நெல்சன். அவர் கனவு கண்ட ஸனாடுவில் சுட்டி இருவழிப் பாதை. நான் உங்கள் பக்கத்தைச் சுட்டினால் அது உங்களுக்கும் தெரியும், அறுந்தும் போகாது. இங்கிலாந்தில் வெண்டி ஹால் குழுவின் மைக்ரோகாஸ்ம், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உருவான ஹைப்பர்-ஜி இரண்டுமே சுட்டிகளை ஆவணத்துக்குள் எழுதாமல் தனித் தரவுத்தளத்தில் வைத்தன. ஹைப்பர்-ஜியில் ஒரு பக்கத்தை நீக்கினால் அதைக் காட்டும் சுட்டிகளும் சரிசெய்யப்படும். இவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வெப் அரைவேக்காடுதான். ஒருவழிச் சுட்டி, யார் எதை நீக்கினாலும் அடுத்தவருக்குத் தகவல் போகாது.

அந்த அரைவேக்காட்டுத்தனம்தான் அதைப் பரவ வைத்தது என்பது என் கட்சி. சுட்டி அறுபடாமல் இருக்க வேண்டுமென்றால் எல்லா சர்வர்களும் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பில் யாரையும் கேட்க வேண்டாம், ஒரு வரி எழுதினால் போதும். முன்பின் தெரியாதவர் எவ்வளவு சுலபமாக வந்து சேர முடியும் என்பதையும் அன்று மதிப்பிட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம். காசும் ஒரு காரணம். 1993-ல் மினசோட்டா பல்கலைக்கழகம், போட்டியிலிருந்த தன் கோஃபர் சர்வருக்குச் சில இடங்களில் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. அதே வருடம் ஏப்ரல் 30-ல் செர்ன் வெப்பை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

அதற்கான விலையை நாமும் கொடுத்தோம். 2009 அக்டோபரில் யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. ஊரை விட்டு வந்தவர்கள் அந்தக் காலத்தில் தமிழில் பக்கம் போட்ட இலவச இடங்களில் அதுவும் ஒன்று. அந்தப் பக்கங்களைச் சுட்டியிருந்த தளங்களுக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

தன்னார்வலர்கள் ஓடி ஓடி நிறையப் பிரதி எடுத்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது அங்கே எழுதியிருந்தால், பழைய முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். வெறும் குறியீடுகளாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். யூனிகோடு பரவுவதற்கு முந்தைய திஸ்கி மாதிரியான எழுத்துருவாக இருக்கும், மாற்றிப் படித்துவிடலாம்.