அடுப்பில் ஒளிந்திருக்கும் அடிசில்

"அடிசில் ஆயிற்றா?" என்று இன்று ஒரு வீட்டில் கேட்டால், அங்குள்ளவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொள்வார்கள். ஆனால், அந்தச் சொல்லின் உடன்பிறப்பு ஒவ்வொரு தமிழர் வீட்டிலும் இருக்கிறது. அதுதான் அடுப்பு.

பழந்தமிழில் 'அடுதல்' என்றால் சமைத்தல். சமைத்த உணவு அடிசில். சமைக்கும் இடம் அட்டில் அல்லது அடுக்களை. காய்ச்சினாலும் பாலின் சுவை குறையாது என்று சொல்லும் ஔவையாரின் மூதுரை, காய்ச்சுவதற்கு ஆளும் சொல் 'அட்டாலும்' என்பதே. தமிழின் உறவு மொழியான கன்னடத்தில் இன்றும் சமையலுக்கு 'அடுகெ' என்றுதான் பெயர்.

அடுதலுக்குக் கொல்லுதல் என்ற பொருளும் உண்டு. சிலப்பதிகாரம் படிப்பவர்களுக்கு இது நெஞ்சைத் தைக்கும். மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் மாதரி அடைக்கலம் தருகிறாள். அங்கே கண்ணகி தன் கையாலேயே அடிசில் ஆக்கி, வாழை இலையில் கோவலனுக்குப் பரிமாறுகிறாள். உண்டு முடித்து, சிலம்பு விற்கப் போனவன் திரும்பவில்லை. அடிசிலும் கொலையும் நிகழ்வது ஒரே காதையில். அதன் பெயர் கொலைக்களக் காதை. அந்த உணவைச் 'சாப்பாடு' என்று மட்டும் சொல்லிக் கடந்தால், இந்தத் துயரத்தின் பாதி தெரியாமல் போகும்.

இந்தச் சொல் முழுதாக வாழும் இடமும் ஒன்று உண்டு. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்கார அடிசிலும் படைப்பதாக நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் நேர்ந்து கொண்டார். அக்காரம் என்றால் வெல்லம். பாலில் அரிசியை வேகவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்துச் செய்யும் அந்த உணவு, மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லியன்று வைணவக் கோயில்களிலும் வீடுகளிலும் இன்றும் அதே பெயரோடு படைக்கப்படுகிறது.

மலேசியத் தமிழர் பேச்சில் அட்டிலின் இடத்தைப் போர்த்துகீசிய மொழிவழி வந்த 'குசினி' பிடித்துக் கொண்டது. தோட்டத்து விறகடுப்பு போய், மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. பிறகு கேஸ் அடுப்பும் மின்னடுப்பும் வந்தன. எரிபொருள் எத்தனை முறை மாறினாலும் அடுப்பு என்ற பெயர் மாறவில்லை.

பிள்ளைகளுக்கு அடிசிலை அறிமுகப்படுத்த அகராதி தேவையில்லை. அடுப்பைக் காட்டினாலே போதும்.